சிபாப் மெஷினா, வாய்க் கருவியா?

ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் தொண்டை மூடி மூச்சு அடிக்கடி தடைபடும் நோய், என்று தெரிந்ததும் பலர் தடுமாறும் இடம் இது.

வேலை செய்யும் விதம்: சிபாப் (CPAP) மெஷின், முகத்தில் மாட்டும் மாஸ்க் வழியாக வரும் காற்றழுத்தத்தால் தொண்டையை மூடவிடாமல் வைக்கிறது. 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் விவரித்த முறை. இன்றும் இதுதான் முதல் சிகிச்சை. வாய்க் கருவி கீழ்த்தாடையைச் சற்று முன்னே தள்ளிப் பிடிக்கும். நாக்கு பின்னால் சரியாது.

பலன்: மூச்சுத் தடைகளைக் குறைப்பதில் சிபாப்தான் கெட்டி. ஆனால் மாட்டினால்தானே! பாதி ராத்திரியில் மாஸ்க்கைக் கழற்றி வைப்பவருக்கு, விடியும்வரை வாயிலேயே இருக்கும் கருவி ஏறக்குறைய அதே நன்மையைத் தரலாம்.

தொல்லை: சிபாப்பில் மூக்கு வறட்சி, காற்றுக் கசிவு. காற்றை ஈரமாக்கும் வசதியும் சரியான அளவு மாஸ்க்கும் இருந்தால் பெரும்பாலும் தீரும். வாய்க் கருவியில் தாடை வலி, எச்சில் ஊறுதல். வருடக்கணக்கில் போட்டால் பல் வரிசையே கொஞ்சம் நகரும். இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணம்: வாய்க் கருவி சட்டைப்பையில் அடங்கும், மின்சாரமும் வேண்டாம்.

தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 30 மூச்சுத் தடைகளுக்கு மேல், அல்லது ரத்தத்தில் ஆக்சிஜன் ரொம்ப இறங்குகிறது என்றால் சிபாப்பே. 5 முதல் 30 வரை, பற்கள் உறுதி, மாஸ்க் ஒத்துவரவில்லை என்றால் வாய்க் கருவி. அப்புறம், அதைப் போட்டபடியே மறுபடி ஒரு தூக்கப் பரிசோதனை அவசியம். குறட்டை நின்றாலும் தடைகள் தொடரலாம்.