4கேன்னு சொல்லி ஏமாத்திட்டாங்க, வீடியோவுக்கு பேலன்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

தங்கச்சி கல்யாணம் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு, வீடியோ கைக்கு வந்து பத்து நாள் ஆச்சு. இந்தப் பத்து நாள்ல நான் தெரிஞ்சுக்கிட்டதை புக்கிங் பண்றப்பவே யாராவது சொல்லியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். அடுத்து யாரு வீட்டுல விசேஷமோ அவங்களாவது தப்பிக்கட்டும்னுதான் எல்லாத்தையும் இங்க கொட்டறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க. எடுத்தவரு பேரை போடல, அவரை அசிங்கப்படுத்தறது என் நோக்கம் இல்ல, இதே மாதிரி பண்றவங்க நிறைய பேரு இருக்காங்கன்னு இப்பதான் தெரியுது.

புக்கிங் அன்னிக்கு அவரு சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. "ரெண்டு கேமரா சிஸ்டர், எல்லாமே 4கே, ஸ்லோ மோஷன் எல்லாம் 100 எஃப்பிஎஸ்ல எடுப்போம், வெண்ணெய் மாதிரி இருக்கும்." 4கேன்னா ரொம்ப தெளிவான படம், எஃப்பிஎஸ்னா ஒரு செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம்னு மட்டும்தான் எனக்கு அப்ப தெரியும். பிட்ரேட்டுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. சரின்னு தலையாட்டிட்டு அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துட்டேன், வாட்ஸ்அப்ல ஒரு வரி கூட எழுதி வாங்கல.

எனக்கு ஸ்லோ மோஷன் வேணும்னு இருந்ததுக்கு ஒரே காரணம் எங்க தாத்தா. 84 வயசு, வீல்சேர்லதான் இருக்காரு. தங்கச்சி மேடை ஏறும்போது நான் எழுந்து நின்னு கை தட்டுவேன்னு ஒரு மாசமா வீட்டுல சொல்லிட்டே இருந்தாரு. "அண்ணா, வேற எது விட்டுப்போனாலும் பரவாயில்ல, அந்த இடத்தை மட்டும் நல்லா ஸ்லோ மோஷன்ல எடுத்துடுங்க"ன்னு நான் மூணு தடவை சொன்னேன். சொன்ன மாதிரியே தாத்தாவும் எழுந்து நின்னாரு, தட்டினாரு. கேமரா சரியா அவரு முன்னாடிதான் இருந்துச்சு, அதை என் கண்ணால பாத்தேன்.

வீடியோ வந்ததும் போன்ல பாத்தோம், நல்லாதான் இருந்துச்சு. சின்ன ஸ்க்ரீன்ல எல்லாமே நல்லாதான் தெரியும், அந்த சந்தோஷத்துல பேலன்ஸ் பணத்தையும் அன்னிக்கே அனுப்பிட்டேன். நான் பண்ணின பெரிய தப்பு அதுதான். ராத்திரி எல்லாரும் உக்காந்து டிவில போட்டா, தாத்தா வர்ற இடத்துல அம்மா முதல்ல கேட்டாங்க, "என்னடி இது, அப்பாவுக்கு நாலு கை தெரியுது?" நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சு. கை ஒண்ணோட ஒண்ணு சேர்ற நேரத்துல பழைய இடத்துல ஒரு மங்கலான கை, புது இடத்துல ஒரு மங்கலான கை, நடுவுல மொகமும் லேசா ரெண்டா தெரியுது. மேடையில கலர் பேப்பர் தூவுற இடம் இன்னும் மோசம், தங்கச்சி மொகம் முழுக்க கட்டம் கட்டமா ஆகி, பேப்பர் எல்லாம் கீழ விழுந்து முடிஞ்சதுக்கு அப்பறம்தான் மூக்கும் கண்ணும் திரும்ப தெளிவா வருது. கேமரா ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் திரும்பறப்ப எல்லாம் விட்டு விட்டு இடிச்சுக்கிட்டே போச்சு.

சித்தப்பா பையன் எடிட்டிங் வேலை பாக்கறான். அவனுக்கு ஃபைலை அனுப்பினேன். "அக்கா, இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, ரா ஃபூட்டேஜ் கொடுத்தாரா?"ன்னு கேட்டான். ரா ஃபூட்டேஜ்னா கேமராவுல இருந்து நேரா வந்த, வெட்டாத ஃபைல். கொடுத்திருந்தாரு, ஒரு 32 ஜிபி பென்டிரைவ்ல, மொத்தம் நாலு மணி நேரம். அதைக் கேட்டதுமே அவன் சிரிக்கல, பெருமூச்சு விட்டான். பென்டிரைவை சிஸ்டம்ல போடாமலே சொல்லிட்டான் இது 4கே இல்லன்னு.

எப்படின்னு அவன் சொல்லிக் கொடுத்த கணக்கு இதுதான், இதை எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. பிட்ரேட்டுங்கறது ஒரு செகண்டு வீடியோவுக்கு கேமரா எவ்வளவு டேட்டா எழுதுதுங்கற அளவு. 100 எம்பிபிஎஸ்னா செகண்டுக்கு 100 மெகாபிட். எட்டு பிட்டு சேர்ந்தா ஒரு பைட்டு, அதனால எட்டால வகுத்தா செகண்டுக்கு 12.5 எம்பி, நிமிஷத்துக்கு 750 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. நிறைய கேமராவுல 4கேவை எச்.264ங்கற முறையில சுருக்கி எடுத்தா இந்த 100ஐ ஒட்டித்தான் செட்டிங் இருக்கும். அப்ப நாலு மணி நேரம் 180 ஜிபி வந்திருக்கணும். எங்களுக்கு வந்தது 28 ஜிபி. திருப்பி கணக்கு போட்டா செகண்டுக்கு 16 எம்பிபிஎஸ் கூட முழுசா வரல.

அப்பறம் மீடியாஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல ஃபைலை போட்டுப் பாத்தான். முதல் கேமரா 1920 பெருக்கல் 1080 பிக்சல், அதாவது 1080பின்னு சொல்ற ஃபுல் எச்டி, 25 எஃப்பிஎஸ், 16 எம்பிபிஎஸ்சுக்கு பக்கம். ரெண்டாவது கேமராவும் 1080தான், ஆனா 29.97 எஃப்பிஎஸ். எங்கயுமே 100 எஃப்பிஎஸ் கிடையாது, 50 கூட கிடையாது. நாலு மணி நேரத்துல ஒரு கிளிப் கூட ஸ்லோ மோஷனுக்குன்னு எடுக்கவே இல்ல. எடிட்டிங்ல 4கே டைம்லைன்ல (கிளிப்பை வரிசையா அடுக்கற இடம்) போட்டு இழுத்து பெருசாக்கி எங்க கைல கொடுத்திருக்காரு. 4கேல இருக்கற பிக்சல் 1080பியோட நாலு மடங்கு. அந்த மிச்சம் மூணு பங்கும் கேமரா பாக்காதது, சாஃப்ட்வேர் நடுவுல இட்டு நிரப்பினது.

தாத்தாவோட நாலு கை எங்க இருந்து வந்துச்சுன்னு அவன் ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்திக் காட்டினான். கை தட்ட ஒரு செகண்டுல பாதி ஆகுதுன்னு வச்சுக்கோங்க, 25 எஃப்பிஎஸ்ல அந்த நேரத்துக்கு கேமரா எடுத்தது வெறும் 12, 13 படம். அதை நாலு மடங்கு மெதுவாக்கணும்னா 50 படம் வேணும். இல்லாத படத்தை எங்க இருந்து கொண்டு வர்றது, பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஃப்ரேமை ஒண்ணுமேல ஒண்ணு மங்கலா கலந்து நடுவுல நடுவுல சொருகியிருக்காரு. அதனாலதான் நிழல் மாதிரி ரெட்டை ரெட்டையா தெரியுது. 100 எஃப்பிஎஸ்ல எடுத்திருந்தா அந்த 50 படமும் நிஜமாவே இருந்திருக்கும், 25 எஃப்பிஎஸ் டைம்லைன்ல போட்டா தானா நாலு மடங்கு மெதுவா ஓடும். 24ல போடறவங்க 120ல எடுத்தா அஞ்சு மடங்கு. ஸ்லோ மோஷன் எடுக்கற நேரத்துலயே முடிவாகற விஷயம், அப்பறமா உண்டாக்கிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இடிச்சுக்கிட்டு போனதுக்கு காரணம் ரெண்டாவது கேமராவோட 29.97. ஃபைனல் வீடியோ 25, அப்ப செகண்டுக்கு அஞ்சு ஃப்ரேமை தூக்கி எறியணும், அதாவது ஆறுல ஒண்ணு. யாரும் அசையாம நிக்கறப்ப இது தெரியாது. கேமரா திரும்பும்போது அந்த காணாமப்போன ஃப்ரேம்தான் ஒவ்வொரு இடியும். ரெண்டு கேமராவையும் ஒரே செட்டிங்ல வைக்க மெனுவுல ஒரு நிமிஷம் கூட ஆகாது, அந்த ஒரு நிமிஷம் கூட எங்களுக்காக செலவு பண்ணலங்கறதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

மொகம் கட்டம் கட்டமா போனது பிட்ரேட்டால. கேமரா ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுசா எழுதாது, முந்தின ஃப்ரேமுக்கும் இதுக்கும் என்ன மாறியிருக்கோ அதை மட்டும்தான் பெரும்பாலும் எழுதும். பேசிட்டு நிக்கற ஆளுக்கு அது போதும். ஆயிரக்கணக்குல பேப்பர் துண்டு பறக்கறப்ப திரை முழுக்க மாறிட்டே இருக்கு, அந்த 16 எம்பிபிஎஸ்ஸை எல்லாத்துக்கும் பங்கு போடணும், அப்ப மொகத்துக்கு கிடைக்கறது ரொம்ப கொஞ்சம். புகை, தண்ணி, டான்ஸ், மினுக்கற லைட்டு எல்லாத்துக்கும் இதேதான். இருட்டுல எடுத்தா புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸும் பிட்ரேட்டை தின்னும், ஏன்னா கேமராவுக்கு அந்த புள்ளி ஒவ்வொண்ணும் புது அசைவு மாதிரிதான்.

அவருக்கு போன் பண்ணினேன். முதல்ல "உங்க டிவி செட்டிங் மாத்துங்க சிஸ்டர்"னாரு. மீடியாஇன்ஃபோ ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினதும் குரல் மாறிடுச்சு, "சரி, ஹை பிட்ரேட்ல திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணித் தர்றேன்"னாரு. ரெண்டு நாள்ல ஒரு லிங்க் வந்துச்சு. ஃபைல் மூணு மடங்கு பெருசு, மீடியாஇன்ஃபோல போட்டா 3840 பெருக்கல் 2160, 100 எம்பிபிஎஸ், எல்லாம் பிரமாதமா காட்டுது. போட்டுப் பாத்தா அதே கட்டம், அதே நாலு கை. மங்கிப்போன ஜெராக்ஸை பெரிய பேப்பர்ல திரும்ப ஜெராக்ஸ் எடுத்தா எழுத்து தெளிவாகுமா, அதே கதைதான். இதை ரொம்ப கவனமா படிங்க: ஃபைனல் ஃபைலை வச்சு நீங்க ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, அதுல என்ன நம்பர் வேணும்னாலும் வர வைக்கலாம். கேமராவுல இருந்து நேரா வந்த ஃபைல்தான் உண்மையை சொல்லும். அதனால பேலன்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு ஒரிஜினல் கிளிப்பை வாங்கி, அதுல ஒண்ணு ஸ்லோ மோஷன் கிளிப்பா இருக்கணும், நீங்களே செக் பண்ணுங்க. மீடியாஇன்ஃபோ இல்லன்னா விஎல்சி பிளேயர்லயே கோடெக் (வீடியோவை எந்த முறையில சுருக்கியிருக்குன்னு) தகவல் பாக்கற இடம் இருக்கு, ஃப்ரேம் ரேட் அங்க தெரியும்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். எல்லாத்தையும் 100 எஃப்பிஎஸ்லதான் எடுக்கணும்னு நீங்களும் அடம் பிடிக்காதீங்க. வழக்கமா ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் உள்ள வர்ற நேரத்தை, ஃப்ரேம் ரேட்டுக்கு ரெண்டு மடங்கு நம்பர்ல வைப்பாங்க, 25க்கு ஒரு செகண்டுல 50ல ஒரு பங்கு, 100க்கு 200ல ஒரு பங்கு. அப்ப கேமராவுக்குள்ள போற வெளிச்சம் கால்வாசிதான். லைட்டு கம்மியான ஹால்ல நல்லா வராது, சில எல்இடி லைட்டு அந்த ஸ்பீடுல பட்டை பட்டையா துடிக்கவும் செய்யும். "இந்த வெளிச்சத்துக்கு 50தான் வரும்ங்க, 100 வேணும்னா லைட்டு போடணும்"னு முன்கூட்டியே சொல்றவரு கிடைச்சா அவரை விடாதீங்க, அவருதான் வேலை தெரிஞ்சவரு. அதே மாதிரி எச்.264க்கு அடுத்து வந்த எச்.265ல எடுத்தா கிட்டத்தட்ட பாதி பிட்ரேட்லயே அதே தரம் வரும், நம்பர் கம்மியா இருக்கேன்னு உடனே சண்டைக்கு போயிடாதீங்க, எந்த கோடெக்னு கேளுங்க. யூட்யூப் 4கேக்கு 35ல இருந்து 45 எம்பிபிஎஸ்தானே கேக்குதுன்னு இவரு என்கிட்ட வாதம் பண்ணினாரு. அது முடிச்ச வீடியோவை அப்லோடு பண்றதுக்கு சொன்ன அளவு, எடுக்கறதுக்கு இல்ல. அப்படியே பாத்தாலும் இவரு எடுத்தது 16.

புக் பண்றப்ப வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்குங்க, கேமராவுல எந்த ரெசல்யூஷன், மெயினா எந்த ஃப்ரேம் ரேட், ஸ்லோ மோஷன் எந்த ஃப்ரேம் ரேட், பிட்ரேட் என்ன, எல்லா கேமராவும் ஒரே செட்டிங்கா, ரா ஃபூட்டேஜ் தருவீங்களான்னு. "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு, ரிசல்ட்டை பாருங்க"ன்னு மழுப்பினா எழுந்து வந்துடுங்க. நாலு மணி நேர 4கேவை ஒரு சின்ன பென்டிரைவ்ல தர்றேன்னு சொன்னாலும் அங்கயே நிறுத்திக் கேளுங்க.

அவரு பணம் திருப்பித் தரல, போனும் இப்ப எடுக்கறது இல்ல. தம்பி ரா ஃபூட்டேஜை எடுத்து வீடியோவை முதல்ல இருந்து வெட்டிட்டு இருக்கான், 1080லயே, ஸ்லோ மோஷன் எதுவும் இல்லாம. தாத்தா இடத்துக்கு மட்டும் என்ன பண்றதுன்னு கேட்டேன். சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி, பத்து வயசு, பின்வரிசையில இருந்து போன்ல எடுத்து வச்சிருந்த ஒரு கிளிப் கிடைச்சுது. 14 செகண்டு, பாதி நேரம் யாரோட தோளோ மறைக்குது. அந்த போன் 60 எஃப்பிஎஸ்ஸை ஒட்டி எடுத்திருந்துச்சு, ஆனா போன் வீடியோல ஃப்ரேம் ரேட் ஏறி இறங்கிட்டே இருக்கும், அதை 60க்கு நிலையா மாத்திட்டு பாதிக்கு மேல மெதுவாக்கி வச்சிருக்கான். நேத்து தாத்தாகிட்ட காட்டினோம். அதுல அவருக்கு ரெண்டு கைதான்.