முதல் பருவ ஓவிய வகுப்புக்கு எது: போஸ்டர் கலரா, வாட்டர் கலரா, அக்ரிலிக்கா?

கலை ரசனையும் செய்முறையும் சேர்ந்த முதலாண்டுப் பாடத்துக்கு மூன்று வண்ணங்களையும் வாங்கச் சொன்னால், ஒரு பருவத்தில் எதிலும் கை படியாது. முதல் பாதிக்குப் போஸ்டர் கலர், அடுத்த பாதிக்கு வாட்டர் கலர், அக்ரிலிக் அடுத்த ஆண்டுக்கு என்பதே எங்கள் கட்சி.

நிறக்கலவை கற்கப் போஸ்டர் கலரை மிஞ்ச ஆளில்லை. அடியில் இருப்பதை மூடிவிடும். சாதாரண கார்ட்ரிட்ஜ் தாளே (படம் வரையும் தடித்த தாள்) போதும். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 9 கட்டம் போடும் பயிற்சியில் எப்போதும் வெள்ளையில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் பாதி புட்டி வெள்ளை காலி. காய்ந்தால் வெளிர் நிறம் சற்று அடர்ந்தும், அடர்நிறம் சற்று வெளிறியும் போகும். ஆகவே துண்டுத் தாளில் தடவி, காய்ந்த பிறகே ஒப்பிடுங்கள். இதன் குறை, காய்ந்த பூச்சு மறுபடி தண்ணீர் பட்டால் கரையும். மேல்பூச்சை ஓரிரு வீச்சில் முடிக்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் அடிநிறம் கலங்கி மேலே வரும். தடிமனாக அப்பினால் வெடிக்கும்.

வாட்டர் கலர் அப்படி மன்னிக்காது. வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். எங்கே விடுவது என்று முன்பே பார்த்தாக வேண்டும். ரசனைப் பாடத்துக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. ஃப்ளாட் வாஷ் (நீர்த்த வண்ணத்தை ஒரே சீராகப் பரப்பும் பூச்சு) போட, தேவைக்கு மேல் வண்ணத்தைக் கரைத்து வைத்துக்கொண்டு, பலகையைச் சுமார் 15 டிகிரி சாய்க்க வேண்டும். ஒவ்வொரு வீச்சின் கீழ்விளிம்பிலும் ஒரு நீர்மணி வரிசை தேங்கும். அடுத்த வீச்சு அதைத் தொட்டே செல்ல வேண்டும். கடைசியில் தேங்கியதைப் பிழிந்த பிரஷால் உறிஞ்சாவிட்டால், அது பாதி காய்ந்த பகுதிக்குள் திரும்பி ஏறி, பூக்கோஸ் போல விளிம்பு விரிந்த கறையாகிவிடும். பல மாணவர்கள் இதைத் தங்கள் கைக்கோளாறு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஈரக் கணக்குத்தான் பிசகியிருக்கும்.

1905இல் வங்க ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் வரைந்த ‘பாரத மாதா’வின் மங்கலான ஒளி, வண்ணம் பூசிய தாளை மறுபடி மறுபடி நீரில் நனைக்கும் வாஷ் முறையில் வந்தது. கையால் ஒரு வாஷ் போட்டுப் பார்த்தவருக்கு அந்தப் படம் வேறு மாதிரி தெரியும். ஆனால் தாளில் கஞ்சத்தனம் கூடாது: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம் வேண்டும். மெல்லிய தாள் நெளிந்து, பள்ளத்தில் வண்ணம் குட்டையாகத் தேங்கும். வண்ணம் மாணவர் தரமாக இருந்தால் பரவாயில்லை, காசைத் தாளில் போடுங்கள்.

அக்ரிலிக் சில நிமிடங்களில் காய்ந்து, பிறகு கரையாது. ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 1967இல் ‘எ பிக்கர் ஸ்ப்ளாஷ்’ ஓவியத்தின் தட்டையான நிறப்பரப்புகளை ரோலரால் பூசியது இந்த வண்ணத்தில்தான். தவறின் மேல் தயங்காமல் பூசி மறைத்துவிடலாம் என்பது இதன் வசதி. தொடக்க மாணவர் கண்ணைச் சோம்பலாக்குவதும் அதுவே. நம் ஊர் வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, தட்டில் பிதுக்கிய வண்ணம் கலந்து முடிப்பதற்குள் ஆடை கட்டும். ஈரத்துணி மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் கலந்தால் தாக்குப்பிடிக்கும். பிரஷை இடைவேளை முழுக்கத் தட்டில் போட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது மயிர் குச்சியாகியிருக்கும். அப்புறம் சோப்பு போட்டாலும் மீளாது.