கேஷ்பேக் சலுகைக்காக அட்டைப்பெட்டியை வெட்டும் முன் படியுங்கள்

வாங்கும்போது முழு விலையையும் கட்டிவிடுங்கள், பிறகு ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறோம் என்று சொல்லும் சலுகைகளில் சேர நினைப்பவர்கள், பணம் செலுத்துவதற்கு முன் இந்தப் பதிவை முழுவதும் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படிப்பட்ட சலுகை ஒன்றில் எனக்கு வரவேண்டிய தொகை வரவில்லை. அதற்கு விண்ணப்பித்த காரணத்தாலேயே, பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் கையை விட்டுப் போனது. போன தொகை சிறியதுதான். ஆனால் அந்தச் சலுகை அமைக்கப்பட்டிருந்த விதத்தைப் பார்த்தால், நிபந்தனைகளை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுபவர்களும் அதில் மாட்டிக்கொள்ளத்தான் செய்வார்கள் என்பது விளங்கும்.

நான் வாங்கியது ஒரு நீராவி இஸ்திரிப் பெட்டி. ஒரே மாடல் இரண்டு இடங்களில் கிடைத்தது. ஓரிடத்தில் விலை சற்றுக் குறைவு. பணம் கட்டியதோடு வேலை முடிந்துவிடும். இன்னோரிடத்தில் விலை கொஞ்சம் அதிகம். ஆனால் தயாரிப்பு நிறுவனம் தருவதாகச் சொன்ன கேஷ்பேக்கைக் கழித்துப் பார்த்தால் முதல் இடத்தைவிடச் சிறிது மலிவாக வந்தது. அட்டைப்பெட்டியின் முகப்பில் பெரிய வட்டத்துக்குள் அச்சிட்டிருந்ததும் கழித்த பிறகு வரும் விலையைத்தான். வாங்குபவர் அன்று உண்மையாகக் கொடுக்க வேண்டிய விலை, ஒரு நட்சத்திரக் குறிக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருந்தது. விற்பனையாளரிடம் விசாரித்தபோது, "ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால் போதும், தொகை தானாக வந்துவிடும்" என்று உறுதியாகச் சொன்னார்.

படிவத்துடன் இரண்டு பொருள்களை இணைத்துத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்: அசல் பில், அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டியெடுத்த பார்கோடு. நகல்கள் ஏற்கப்படமாட்டா என்பது மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. அந்தப் பார்கோடு பெட்டியின் அடி மூலையில், இரண்டு மடிப்புகள் கூடும் இடத்தில் அச்சாகியிருந்தது. கருங்கோடுகள் ஒரு மடிப்பின் ஒரு பக்கத்திலும், அதனுடன் சேர்ந்த தொடர் எண் மறுபக்கத்தில் இரண்டாவது மடிப்பின் மேலும் இருந்தன. இரண்டையும் சேதமின்றி எடுக்க வேண்டுமானால் மூலையையே அறுத்தெடுக்க வேண்டும். அறுத்தெடுத்த பிறகு பெட்டியின் அடிப்பாகம் வாய் பிளந்துகொள்ளும். பொருளை அதில் வைத்துத் தூக்க முடியாது. விண்ணப்பம் போய்ச்சேர வேண்டிய கெடுவோ மிகக் குறுகியது. வாங்கிய பொருளைச் சில தடவை பயன்படுத்திப் பார்த்து, நன்றாக உழைக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு அனுப்பலாம் என்றால் கெடு தப்பிவிடும். கேட்டவற்றைக் கேட்டபடியே அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் இஸ்திரிப் பெட்டியின் குறை வெளிப்பட்டது. வெப்பத் திருகை மிகக் குறைந்த அளவில் வைத்தாலும் சிவப்பு விளக்கு அணையவேயில்லை. உரிய சூட்டில் மின்சாரம் நின்றுபோக வேண்டியதற்கு மாறாகச் சூடு ஏறிக்கொண்டே போனது. ஒரு பழைய பருத்தித் துணியை விரித்து அதன்மேல் வைத்து எடுத்தேன். பெட்டியின் கூர்முனையும் நீராவித் துளைகளின் வரிசையும் துணியில் பழுப்பாக அப்படியே பதிந்திருந்தன. இது வெறும் பயன்பாட்டுக் குறையன்று. கவனிக்காமல் விட்டால் தீப்பிடிக்கக்கூடிய ஆபத்து.

திருப்பிக் கொடுப்பதற்கான காலம் இன்னும் முடியவில்லை என்பதால் வாங்கிய இடத்துக்கு எடுத்துச் சென்றேன். பொருளை அவர்கள் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. அட்டைப்பெட்டி முழுமையாக இருக்க வேண்டும், பார்கோடு சேதமடையாமல் இருக்க வேண்டும் என்பது தங்கள் விதி என்று சொல்லி, வெட்டப்பட்ட மூலையைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அதை வெட்டச் சொன்னது நீங்களே முன்னிறுத்தி விற்ற சலுகையின் படிவம்தானே என்று கேட்டதற்கு, சலுகை நிறுவனத்துடையது, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவிவிட்டார்கள். அடுத்து, நிறுவனத்தின் பழுதுபார்ப்பு நிலையத்துக்குப் போனேன். வாரண்டியில் சரிசெய்ய அசல் பில் வேண்டும் என்றார்கள். அசல் பில் அவர்களுடைய நிறுவனத்துக்கே தபாலில் போயிருக்கிறது. என்னிடம் இருந்த ஒளிப்படத்தையும் நகலையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. இந்த அலைச்சலுக்கு நடுவில் கேஷ்பேக் விண்ணப்பத்துக்கும் பதில் வந்தது: தொடர் எண்ணின் மேல் மடிப்புக் கோடு விழுந்திருப்பதால் எண்ணைப் படிக்க முடியவில்லை, ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அந்த மடிப்பு அவர்களுடைய பெட்டியிலேயே இருந்த மடிப்பு.

இந்த மூன்று மறுப்புகளையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்ல முடியும். பார்கோடு இல்லாத பெட்டியை மீண்டும் விற்க முடியாது என்று கடைக்காரர் சொல்லலாம்; அசல் ஆவணம் கேட்பது மோசடியைத் தடுக்க என்று நிறுவனம் சொல்லலாம்; படிக்க முடியாத எண்ணைப் பதிய முடியாது என்று விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவர் சொல்லலாம். மூன்றும் ஒன்றுசேரும்போதோ வாங்கியவருக்கு எந்தப் பக்கமும் வழியில்லை. சலுகையைப் பெற எதைக் கொடுக்கச் சொல்கிறார்களோ, அதே பொருள்தான் மற்ற இரண்டு உரிமைகளுக்கும் ஆதாரம். அதைக் கொடுத்துவிட்டால் அந்த உரிமைகள் போய்விடும் என்று படிவத்தில் ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. என் குற்றச்சாட்டு முழுவதும் இதைப் பற்றியதுதான்.

பின்னால் திருப்பித் தருவதாகச் சொல்லும் சலுகையின் வணிகக் கணக்கு எளியது. விலையைப் பில்லிலேயே குறைத்தால் வாங்கும் ஒவ்வொருவருக்கும் குறைக்க வேண்டியிருக்கும். விண்ணப்பம் என்ற படியை நடுவில் வைத்தால், குறைந்த விலை என்ற விளம்பரம் எல்லோரையும் ஈர்க்கும்; ஆனால் பணம் போவது விண்ணப்பித்து, கெடுவுக்குள் அனுப்பி, பரிசீலனையில் தேறியவர்களுக்கு மட்டும். சிலர் படிவத்தைத் தொலைத்துவிடுவார்கள், சிலருக்குக் கெடு தப்பும், சிலர் இவ்வளவு சிறிய தொகைக்கு இத்தனை வேலையா என்று விட்டுவிடுவார்கள். அப்படிக் கேட்கப்படாமல் போகும் பங்கு எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுத்தான் சலுகைத் தொகை தீர்மானிக்கப்படுகிறது. அதனால், விண்ணப்பிக்கும் முறை கடினமாக இருப்பதைக் கவனக்குறைவு என்று நினைத்து ஒதுக்கிவிடக் கூடாது. அந்தக் கடினத்தால் மிச்சமாகும் பணம் நிறுவனத்துக்குப் போகிறது.

இவ்வளவு சிறிய வேறுபாட்டுக்காக ஒருவர் ஏன் இத்தனை சிரமத்தை ஏற்கிறார் என்று கேட்கலாம். டேனியல் கானமன், ஆமோஸ் டுவர்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 1981-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில் இதற்கான விடையின் ஒரு பகுதி இருக்கிறது. 125 டாலருக்கு ஒரு மேலங்கியும் 15 டாலருக்கு ஒரு கால்குலேட்டரும் வாங்கப் போகும் ஒருவருக்கு, அதே கால்குலேட்டர் 20 நிமிடப் பயண தூரத்தில் உள்ள வேறொரு கிளையில் 10 டாலருக்குக் கிடைக்கும் என்று தெரியவந்தால் அங்கே போவாரா என்று கேட்டார்கள். 68 விழுக்காட்டினர் போவதாகச் சொன்னார்கள். வேறொரு குழுவினரிடம் விலைகளை இடம் மாற்றி, மேலங்கியின் விலை 15 டாலர், கால்குலேட்டரின் விலை 125 டாலர், அந்தக் கிளையில் கால்குலேட்டர் 120 டாலர் என்று சொல்லிக் கேட்டபோது 29 விழுக்காட்டினரே போவதாகச் சொன்னார்கள். இரண்டிலும் மிச்சம் 5 டாலர்தான், பயணமும் அதே 20 நிமிடம்தான், மொத்தச் செலவும் ஒன்றுதான். பொருளின் விலையில் எத்தனை பங்கு குறைகிறது என்பதை மனம் பார்க்கிறது. கைக்கு வரும் தொகை எவ்வளவு என்பதைப் பார்ப்பதில்லை. பல விளம்பரங்கள் விழுக்காட்டைப் பெரிதாகவும் தொகையைச் சிறிதாகவும் அச்சிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விலை தேடுவதற்கும் ஒரு செலவு உண்டு என்பதைப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961-லேயே விளக்கியிருக்கிறார்: இன்னும் ஓர் இடத்தில் விசாரிப்பதால் எதிர்பார்க்கும் ஆதாயம், அப்படி விசாரிக்க ஆகும் செலவைவிட அதிகமாக இருக்கும்வரைதான் தேடல் பயன் தரும். நேரமும் செலவுதான் என்பதை 1965-இல் கேரி பெக்கர் விரிவாக எழுதினார். நம்மில் பலரும், இந்தப் பெயர்களைக் கேள்விப்படாவிட்டாலும், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லி ஏறக்குறைய இதே கணக்கைப் போட்டுவிடுகிறோம். ஆனால் அந்தக் கணக்கு வாங்கும் வரைக்குமானது. வாங்கிய பிறகு வரும் வேலை, அதாவது படிவம், தபால், நினைவூட்டல், தொலைபேசியில் காத்திருப்பது ஆகியவை, பணம் கட்டும் நேரத்தில் யார் கண்ணிலும் படுவதில்லை. பெட்டியின் முகப்பில் இருந்த வட்டத்தில் அவற்றுக்கு இடமும் இல்லை.

உழைப்பைக்கூட ஒருவர் தம் விருப்பப்படி மதிப்பிட்டுக்கொள்ளலாம். ஓய்வு நேரம் நிறைய இருப்பவருக்கு ஒரு படிவம் நிரப்புவது பெரிய சுமையன்று. எனக்கே அது சுமையாகத் தெரியவில்லை. நான் இங்கே வலியுறுத்த விரும்புவது வேறு: சிறிய மிச்சத்துக்கு ஈடாக எந்த உரிமையை ஒப்படைக்கிறோம் என்பதை நேரத்துக்கும் அலைச்சலுக்கும் முன்னால் பார்க்க வேண்டும். நேரம் போனால் அதன் அளவு நமக்குத் தெரியும். திருப்பிக் கொடுக்கும் உரிமை போனால், பொருள் நன்றாக இருக்கும்வரை ஒரு நஷ்டமும் தெரியாது. பொருள் பழுதானால் நஷ்டம் அதன் முழு விலை அளவுக்கு ஏறிவிடும். சிறிய தொகையை மிச்சப்படுத்தப் பெரிய தொகையை ஆபத்தில் வைப்பது எந்தக் கணக்கிலும் தேறாது.

சிறிய மிச்சங்கள் எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. பில்லிலேயே கழிக்கப்படும் தள்ளுபடி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது கையில் வந்துவிட்ட பணம். அடிக்கடி வாங்கும் பொருளில் எடை அளவுக்கான விலையை ஒப்பிடுவதற்குச் சில நொடிகள் போதும். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நம்பாமல், விலையைக் கிராமால் வகுத்துப் பார்த்தால் சில வேளைகளில் சிறிய பொட்டலமே மலிவாக இருக்கும். அந்த மிச்சம் ஒவ்வொரு முறையும் கிடைக்கும், அதற்காக எதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. மாறாக, இலவச விநியோகம் கிடைக்க வேண்டும் என்று தேவையில்லாத இன்னொரு பொருளைச் சேர்ப்பது, காலாவதியாகும் புள்ளிகளைச் சேமிப்பது போன்றவற்றில் மிச்சம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இன்னொரு செலவு.

குறைந்த வருமானத்தில் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழிப்பவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். அவர்களைப் பார்த்து, இந்தச் சின்னத் தொகைக்கா அலைகிறீர்கள் என்று கேட்பது எனக்குப் பிடிக்காது. அந்தத் தொகை அவர்களுக்குத் தேவை. அந்தத் தேவையை நம்பித்தான் இத்தகைய சலுகைகள் வகுக்கப்படுகின்றன. பழுதான பொருள் கையில் தங்கிவிட்டால் இன்னொன்று வாங்க முடியாமல் நிற்பவர்களும் அவர்களே.

ஆகவே, பணம் கட்டும் முன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொகை எங்கே, எப்போது, எந்த வடிவில் திரும்பி வரும்? வங்கிக் கணக்குக்கா, அல்லது மறுபடி அவர்களிடமே வாங்கினால் மட்டும் பயன்படும் கூப்பனாகவா? அசல் ஆவணங்களை அனுப்ப வேண்டுமா? பெட்டியின் எந்தப் பகுதியையாவது வெட்ட வேண்டுமா? வெட்டிய பிறகும் பொருளைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்று கடைக்காரர் பில்லின் மேல் எழுதிக் கையொப்பமிட்டுத் தருவாரா? கடைசிக் கேள்விக்கு வாய்மொழியாக மட்டும் பதில் சொன்னால், கேஷ்பேக் இல்லாத விலையையே அந்தப் பொருளின் விலையாக வைத்து ஒப்பிடுங்கள். என் விஷயத்தில் அப்படி ஒப்பிட்டால் முதல் இடம்தான் மலிவு.

ஏற்கெனவே இப்படிப்பட்ட சலுகையில் வாங்கிவிட்டவர்கள், வெட்டுவதற்கு முன் பெட்டியை ஆறு பக்கமும் படமெடுத்து, பார்கோடும் தொடர் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி தனிப்படங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். நிபந்தனைகள் உள்ள பக்கத்தை அன்றைய தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருங்கள். கடையில் பில்லுக்கு இரண்டாம் பிரதி கேட்டு, அதில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தபாலை, அனுப்பியதற்கு ரசீது கிடைக்கும் முறையில் மட்டும் அனுப்புங்கள். மறுப்பு எதுவானாலும் எழுத்தில் கேளுங்கள்; தொலைபேசியில் சொன்னது பிறகு சொல்லப்படாததாகிவிடும்.

எழுத்தில் தொடர்ந்து கேட்டதற்குப் பிறகு நிறுவனம் அசல் பில்லைத் திருப்பி அனுப்பியது. அதைக் கொண்டு பெட்டியின் வெப்பக் கட்டுப்பாட்டுப் பகுதியை வாரண்டியில் மாற்றித் தந்தார்கள். கேஷ்பேக் மறுப்பு அப்படியே நிற்கிறது. நுகர்வோர் குறைதீர்க்கும் அமைப்பிடம் அதைப் புகாராக அளித்திருக்கிறேன். இப்போது அதே சலுகையின் நிபந்தனைகளில், தொடர் எண் மடிப்பில் அமைந்திருந்தால் அதைக் கையால் எழுதி இணைக்கலாம் என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அந்த வரி வருவதற்கு முன் இதே காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டவர்கள், பழைய நிபந்தனைகளின் படமும் நிராகரிப்புக் கடிதமும் கையில் இருந்தால், அவற்றை இணைத்து மறுபரிசீலனை கோரி எழுதலாம்.