“கடைசியில் வண்டி உங்களுக்கே” என்று லாரியைக் குத்தகைக்குக் கொடுப்பவர்கள் குறித்து ஓர் எச்சரிக்கை

ராமேசுவரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடிப் பகுதிகளில் சம்பளத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருக்கும் ஓட்டுநர்களைத் தேடிப் பிடித்து, “முன்பணம் கொடுங்கள், மாதாமாதம் ஒரு தொகை கட்டுங்கள், நான்கு ஆண்டு முடிந்ததும் வண்டி உங்கள் பெயருக்கு மாறிவிடும்” என்று ஒரு குத்தகைத் திட்டத்தைச் சிலர் விற்றுவருகிறார்கள். அதில் சேர்ந்து முன்பணத்தையும், கட்டிய மாதத் தொகைகளையும், ஒரு லோடு மீனுக்கான வாடகையையும் இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் புகார் விசாரணையில் இருப்பதால் நடத்தியவரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அதே ஒப்பந்தத்தை வேறு பெயர்களில் வேறு ஊர்களிலும் நீட்டுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஆகவே அந்த ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்பதையே விரிவாகச் சொல்கிறேன்.

எனக்குக் காட்டப்பட்டது, மீன் ஏற்றுவதற்கென்று குளிர் தாங்கும் பெட்டி கட்டிய, ஐந்து ஆண்டு ஓடிய பதினான்கு அடி லாரி. சந்தையில் அதன் விலை ஒன்பது லட்சத்தை ஒட்டி இருக்கும். முன்பணம் இரண்டு லட்சம், மாதம் 38,000 ரூபாய், நாற்பத்தெட்டு மாதம் என்று பேசினார்கள். சிபில் மதிப்பெண் பார்க்க மாட்டார்கள், ஜாமீன்தாரர் தேவையில்லை, வருமான வரிக் கணக்கு கேட்க மாட்டார்கள். அடுத்தவர் வண்டியில் பேட்டாவுக்கு ஓடியவர்களிடம் இந்த மூன்றும் இருப்பதில்லை என்பதால் வங்கிகள் நம்மைத் திருப்பி அனுப்புகின்றன. அப்படித் திரும்பி வருபவர்களைத்தான் இவர்கள் வாசலிலேயே பிடிக்கிறார்கள்.

தொகையைக் கூட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கும். நாற்பத்தெட்டு மாதத்துக்கு 18,24,000 ரூபாய், முன்பணத்தோடு 20,24,000 ரூபாய். அதே இரண்டு லட்சத்தைக் கையிலிருந்து போட்டு, மீதி ஏழு லட்சத்தை ஆண்டுக்குப் பத்து விழுக்காடு நிலை வட்டியில் (அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழுக் கடனுக்கும் போடும் வட்டி) நான்கு ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 20,417 ரூபாய். முன்பணத்தையும் சேர்த்து மொத்தம் 11,80,000 ரூபாய். நிலை வட்டி பத்து என்பது, குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையில் பதினேழரை விழுக்காட்டுக்குச் சமம். அதுவும் மலிவான கடன் அன்று. அந்த வட்டியைக் கொடுத்த பிறகும், குத்தகைக்காரருக்கு, அதாவது வண்டியைக் குத்தகைக்கு விடுபவருக்கு, கூடுதலாகப் போகும் பணம் எட்டு லட்சத்துக்கு மேல் வருகிறது. இதை அவரிடமே கேட்டபோது, “தம்பி, பேங்க்ல கடன் கிடைக்காத ஆளுக்கு வண்டி தர்றோம்ல, அந்த ரிஸ்க்குக்கு யாரு காசு குடுப்பா?” என்றார். அந்த அபாயம் முழுவதும் யார் தலையில் சுமத்தப்பட்டிருந்தது என்பதை ஒப்பந்தத்தின் பிற்பகுதி சொல்லும்.

காப்பீடு, சாலை வரி, தகுதிச் சான்று, டயர், எஞ்சின் வேலை, அபராதம் எல்லாம் ஓட்டுபவரின் பொறுப்பு. இந்த அளவு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே, 2022இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 27,186 ரூபாய், வரி தனி. அதைக் கட்டுவது நாம், பாலிசி இருப்பது அவர் பெயரில். ஆர்.சி. என்ற பதிவுச் சான்றும் பெர்மிட்டும் அவர் பெயரில்தான். அசல் “பத்திரமாக ஆபீசில்” இருக்கும், நம் கையில் நகல் மட்டும். லோடு எடுப்பது அவருடைய புக்கிங் ஆபீஸ் வழியாகத்தான், அதற்கு வாடகையில் பத்து விழுக்காடு கமிஷன். பராமரிப்பு நிதி என்று மாதம் தனியாக மூவாயிரம். அந்த நிதியிலிருந்து ஒரு டயருக்குக்கூடப் பணம் வந்ததில்லை. இரண்டு மாதத் தொகை நின்றால் ஒப்பந்தம் தானாக ரத்தாகும் என்றும், அதுவரை கட்டியதெல்லாம் வண்டியைப் பயன்படுத்தியதற்கான கட்டணமாகக் கொள்ளப்படும் என்றும் ஒரு பிரிவு இருந்தது. ரசீதுகளிலும் “பயன்பாட்டுக் கட்டணம்” என்றே அச்சிட்டிருந்தார்கள். நான்கு ஆண்டு முடிவில் வண்டி நம் பெயருக்கு மாறும் என்ற வாக்குறுதிக்கு மட்டும், எந்தத் தேதியில், எந்தப் படிவத்தில், யார் செலவில் என்ற ஒரு வரியும் கிடையாது.

எல்லாவற்றையும்விட விஷமமான பிரிவு, வண்டியில் உப்பும் கரியும் ஏற்றக்கூடாது என்பது. வெளியூர்க்காரர் இதைப் படித்தால் நியாயமாகவே தோன்றும். உப்பு இரும்பைத் தின்னும், கரித்தூசு மீன் பெட்டியைக் கெடுக்கும். இந்தக் கடற்கரையின் ஆண்டு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவருக்குத்தான் அதன் பொருள் புரியும். ராமேசுவரம் விசைப்படகுகள் வாரம் முழுவதும் கடலுக்குப் போவதில்லை. திங்கள், புதன், சனி என மூன்று நாள் போகின்றன, மறுநாள்தான் கரையில் மீன் விழுகிறது. காற்றெச்சரிக்கை வந்தாலோ, மீனவர்கள் கைதாகி வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டாலோ அதுவும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் எல்லா லாரிக்கும் அது போதாது. அந்த இரண்டு மாதமும் கோடைக்காலம், வாலிநோக்கம் பக்கம் உப்பு குவியும் காலம். சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பக்கம் கருவேலங்கரி மூட்டை ஏறும் காலம். மீன் லாரிக்காரர் பலர் வாடகைக்கு வேறு வண்டி பிடித்தாவது அந்த லோடுகளை ஓட்டித்தான் தடைக்காலத்தைக் கடக்கிறார்கள். இரண்டு மாதம் மீன் கிடையாது, உப்பும் கரியும் தொடக்கூடாது, இரண்டு மாதம் தொகை நின்றால் ஒப்பந்தம் ரத்து. மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்தவருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நான் நம்பவில்லை. “தடைக்காலத்துக்கு டியூவ தள்ளி வச்சுக்கலாம், கவலப்படாதீக” என்று கையெழுத்துக்கு முன் சொன்னார். அதை எழுத்தில் கேட்டபோது, ஃபார்மில் அதற்கு இடமில்லை என்றார்.

கடன் வாங்கித் தடைக்காலத் தொகையைக் கட்டினேன். ஆகவே வண்டி போனது நான் தவணை தவறியதால் அன்று. ஜூலையில், நண்டும் கணவாயும் ஏற்றிக் கேரளத்துக்குப் புறப்பட்ட ஒரு விடியற்காலையில், போகலூர் சுங்கச்சாவடி அருகே நான்கு பேர் வண்டியை மறித்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர்களை அனுப்பியது நான் பெயரே கேட்டிராத ஒரு நிதி நிறுவனம். நம் குத்தகைக்காரர் அந்த வண்டியை அங்கே கடனில் வாங்கி, நாங்கள் மாதந்தோறும் கொடுத்த தொகையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பல மாதமாக அங்கே தவணை கட்டாமல் விட்டிருந்தார். ஐஸ் கரைவதற்குள் லோடை வேறு லாரிக்கு மாற்ற நண்பகல் தாண்டிவிட்டது. சந்தை தவறியதால் வியாபாரி விலைக் குறைவை என் வாடகையில் பிடித்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஒரு வண்டியைக் கைப்பற்றுமுன் கடன் வாங்கியவருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நேர்மை நடைமுறைகள் சொல்கின்றன. அடியாள் வைத்து வண்டி பறிப்பதை 2007இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. ஆனால் அறிவிப்பு போவது கடன் வாங்கியவரின் முகவரிக்கு. ஓட்டுபவர் அந்தக் கடனில் ஒரு தரப்பே அல்லர் என்பதால், வண்டி தெருவில் நிற்கும்போதுதான் அவருக்குச் செய்தி தெரிகிறது. பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தபோது, பதிவேட்டில் நிதி நிறுவனத்தின் பெயர் தொடக்கத்திலிருந்தே இருந்தது தெரியவந்தது. எனக்குக் கொடுத்த நகலில் அந்தப் பகுதி மங்கலாகவும், ஓரம் வெட்டுப்பட்டும் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆவது பிரிவின்படி, அந்த நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்றவே முடியாது. அதாவது, நான் நாற்பத்தெட்டு மாதமும் ஒரு நாள் பிசகாமல் கட்டியிருந்தாலும் அவரால் எனக்கு வண்டியை எழுதித் தந்திருக்க முடியாது.

அதே சட்டத்தின் 2(30) பிரிவு, குத்தகை ஒப்பந்தத்தின் கீழ் வண்டியை வைத்திருப்பவரையும் உரிமையாளர் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. விபத்து நடந்தால் இழப்பீட்டு வழக்கில் நம்மை இழுக்க அது போதும். வருமான வரியில் நிலைமை தலைகீழ். வருமான வரிச் சட்டத்தில் (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 44ஏஈ பிரிவாக இருந்தது), நம் அளவு வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று எளிய கணக்குக் காட்டும் சலுகை, வண்டியைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கும் தவணை முறையில் வாங்கியவருக்கும் உண்டு. வெறும் குத்தகைக்கு எடுத்தவருக்குக் கிடையாது. சுமை வருகிற இடத்தில் உரிமையாளர், சலுகை வருகிற இடத்தில் யாரோ ஒருவர்.

இந்தத் தந்திரம் நம் ஊரில் பிறந்ததும் அன்று. அமெரிக்காவில் சுமைநிறுவனங்கள் தங்கள் ஓட்டுநர்களுக்கே லாரியைக் குத்தகைக்குக் கொடுத்து, முடிவில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லும் திட்டங்களை ஆராய ஓர் அரசுப் பணிக்குழு அமைக்கப்பட்டது. அது 2025 ஜனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில், இவற்றைத் தடை செய்ய வேண்டும் என்றே பரிந்துரைத்தது. லோடு கொடுப்பவரும் வண்டி கொடுப்பவரும் ஒருவராகவே இருந்தால், தவணை தவற வைப்பதற்கு அவர் லோடைக் குறைத்தாலே போதும்.

குத்தகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. தடைக்காலத்தில் உப்பு ஓட்ட மட்டும் ஒரு திறந்த லாரியை இரண்டு மாத வாடகைக்கு எடுப்பது நல்ல ஏற்பாடு. பெரிய பழுது வண்டிக்காரர் பொறுப்பு, முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் இல்லை, எவரிடமும் லோடு எடுக்கலாம் என்றால் அதில் ஏமாற அதிகம் இல்லை. கீழக்கரையில் கருவாட்டு வியாபாரம் செய்யும் காக்கா (அண்ணன்) ஒருவர் பல ஆண்டாக அப்படித்தான் வண்டி விடுகிறார். எவரிடமும் “கடைசியில் உனக்கே” என்று அவர் சொன்னதில்லை. ஆனால் வண்டி சொந்தமாக வேண்டும் என்றால், பழைய வண்டியாக இருந்தாலும், வட்டி கூடுதலாக இருந்தாலும், முதல் நாளே ஆர்.சி.யில் உங்கள் பெயர் ஏற வேண்டும். விற்பவர் பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்திட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். பழைய கடன் இருந்தால், அதைப் பதிவிலிருந்து நீக்கும் 35ஆம் படிவத்தோடு நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் வர வேண்டும். கடன் தருபவரிடம், 2024 அக்டோபர் முதல் கட்டாயமாக்கப்பட்ட முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்கினால், எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி எவ்வளவு என்று அதிலேயே இருக்கும். தடைக்காலத்துக்குத் தவணை குறைய வேண்டும் என்றால் அதையும் கடன் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மீதிப் பத்து மாதத்தில் கூடுதலாகக் கட்டும்படி அட்டவணை போட்டுத் தர ஒப்புக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன.

வண்டி போன பிறகு குத்தகைக்காரரைப் பார்த்தபோது, “எனக்கும் நஷ்டம்தானப்பா, ஒப்பந்தத்துல பயன்பாட்டுக் கட்டணம்னு போட்ருக்குல்ல, திருப்பிக் கேக்க முடியாது” என்றார். முன்பணத்தைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. மோசடிப் புகாரை மாவட்டக் குற்றப்பிரிவில் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வியாபார நோக்கம் என்று தள்ளிவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வியாபார நோக்கமாகக் கருதுவதில்லை. ஒற்றை வண்டி வைத்துத் தானே ஓட்டுபவர் அதற்குள் வருவார் என்று வாதிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை, சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

இப்போது இதே போன்ற ஒப்பந்தத்தில் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள், அடுத்த தொகையைக் கொடுப்பதற்கு முன்பு எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் அந்த நிறுவனத்தின் கிளைக்கே நேரில் போய், தவணை நிலுவை இருக்கிறதா என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால், இந்த வண்டி இன்ன ஒப்பந்தத்தின்படி என் கையில் இருக்கிறது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தொகையைக் கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். என்னிடம் இருக்கும் சான்றுகளில் காவல்துறை முதலில் கேட்டது அந்தப் பரிவர்த்தனைப் பட்டியலைத்தான்.