ரயிலால் இறங்கியதும் கார்: சுவிஸ் மொபிலிட்டியின் தொழில்நுட்பம் எப்படி?

சுவிஸில் ரயில் நிலையத் தரிப்பிடங்களில் நிற்கும் சிவப்பு மொபிலிட்டி கார்களைக் காணாதவர் இருக்க மாட்டார்கள். 1987இல் ஷ்டான்ஸிலும் சூரிச்சிலும் தனித்தனியே தொடங்கிய இரண்டு கூட்டுறவுகள் 1997இல் ஒன்றாகி உருவான, முன்பதிவு செய்து தேவையான நேரத்துக்குக் காரை எடுத்து ஓட்டத் தரும் கார் பகிர்வு நிறுவனம் இது. இன்று நாடு முழுக்கச் சுமார் 1,500 இடங்களில் ஏறத்தாழ 3,000 கார்களை வைத்திருக்கிறது. மணிக்கு இவ்வளவு, கிலோமீற்றருக்கு இவ்வளவு என்ற கட்டணக் கணக்கைப் பலரும் அலசிவிட்டார்கள். ரயிலால் இறங்குபவருக்கு உண்மையில் முக்கியமான கேள்வி வேறு: தரிப்பிடத்துக்கு நடந்து போனால் கதவு திறக்குமா? அங்கே உதவிக்கு ஆள் இல்லை, கருமபீடம் இல்லை. எல்லாம் காருக்குள் இருக்கும் ஒரு சின்னப் பெட்டியின் பொறுப்பு.

ரயில் சீசன் ஏறியிருக்கும் அதே சுவிஸ்பாஸ் அட்டைதான் 2015 முதல் காரின் சாவியாகவும் இருக்கிறது. முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் ரீடருக்கு நேரே அட்டையைப் பிடித்தால் கதவுப் பூட்டு விடுபடும். அட்டையைப் பணப்பையோடு சேர்த்துப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் வங்கி அட்டையும் இருந்தால் ரீடர் எதை வாசிப்பதென்று தடுமாறும். கண்ணாடியில் பனிக்கட்டி தடிப்பாகப் படிந்திருந்தால் முதலில் சுரண்டிவிடுங்கள். பனி அலையை மறிக்காது, ஆனால் அட்டைக்கும் ரீடருக்கும் இடைவெளி கூடிவிடும். இந்த ரீடர்கள் எட்டுவது சில சென்ரிமீற்றர்தான்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, திறக்கும் அனுமதி எங்கே இருக்கிறது என்பதுதான். நல்ல கார் பகிர்வுப் பெட்டியில் உங்கள் முன்பதிவு சர்வரிலிருந்து முன்கூட்டியே காருக்கு அனுப்பப்பட்டு, பெட்டியின் நினைவகத்திலேயே இருக்கும். அட்டையைக் காட்டும்போது பெட்டி யாரையும் கேட்பதில்லை. தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும். நிலத்தடித் தரிப்பிடத்தின் இரண்டாம் தளத்தில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லாதபோதும் கதவு திறப்பது இதனால்தான். வெறும் ஆப்பை மட்டும் நம்பி, கைப்பேசி, சர்வர், கார் என்று மூன்று முனையிலும் இணையம் வேண்டும் என்று கட்டிய சேவைகள் சறுக்குவதும் இதே இடத்தில்தான்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. கார் சிக்னல் இல்லாத இடத்தில் நிற்கும்போது, ஐந்து நிமிடத்துக்கு முன் போட்ட முன்பதிவு அதற்குப் போய்ச் சேர்ந்திருக்காது. ஆகவே நிலத்தடியில் நிற்கும் காரை ரயிலில் ஏறும் முன்பே பதிந்துவிடுங்கள். அந்தக் கார் வேறொருவரோடு வெளியே போய்த் திரும்பும்போது உங்கள் பதிவை வாங்கிக்கொண்டு வர வாய்ப்பு கூடும். இத்துறையின் புதிய பெட்டிகள் புளூடூத் வழியாக, கைப்பேசியில் ஏற்கனவே இறக்கிய டிஜிட்டல் அனுமதியைக் கொண்டு திறக்கும். அட்டையும் புளூடூத்தும் இரண்டும் இருப்பதே சரியான வடிவமைப்பு.

உள்ளே ஏறியதும் சாவி டாஷ்போர்டு அறையில் இருக்கும். எரிபொருள் கட்டணத்துக்குள் அடங்கும்; நிரப்புவதற்கான அட்டையும் காரிலேயே உண்டு. புதியவர்கள் குழம்புவது இடைநிறுத்தத்தில்தான். வழியில் கடைக்கு இறங்கினால் காரின் சாவியால் பூட்டுங்கள்; சுவிஸ்பாஸால் அல்ல. கண்ணாடியில் அட்டையைக் காட்டுவது பயணம் முடிந்தது என்று சொல்வதற்கு. திருப்பி விடும்போது சாவி அதன் இடத்தில் இருக்க வேண்டும். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டால் அடுத்தவர் திறந்த காருக்குள் சாவியில்லாமல் உட்கார்ந்திருப்பார். சாவியோடு ஒரு மின்னணுச் சில்லைக் கோத்து, அது தன் துளையில் இருந்தால்தான் பயணம் முடிந்ததாக ஏற்கும் அமைப்புகள் சந்தையில் உண்டு. சாவி சம்பந்தமான பெரும்பாலான தொல்லையை அந்த ஒரு சில்லே தீர்த்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் கதவு அசையாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது 12 வோல்ட் பேட்டரி. பெட்டி ஓய்வில் 20 மில்லியாம்பியர், காரின் மற்ற மின்னணுவியல் 30 மில்லியாம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி போகிறது. 50 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். குளிர்காலம் என்றால் அந்தப் பாதியில் எஞ்சின் கிளம்பாமல் போகலாம். நகரத்தில் தினமும் ஓடும் காருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. சிறிய கிராம நிலையத்தில் வாரக்கணக்கில் நிற்கும் தனிக் காருக்குத்தான் ஆபத்து. மின்னழுத்தத்தைப் பெட்டியே சர்வருக்குச் சொல்ல வேண்டும். குறையத் தொடங்கும்போதே ஆளனுப்ப வேண்டும். மின்சாரக் கார்களுக்கும் இதே 12 வோல்ட் பேட்டரிதான் கதவைத் திறக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பெட்டியைக் கைப்பேசி வலையமைப்போடு இணைக்கும் மொடமும் கவனிக்க வேண்டியது. 2ஜி போய்விட்டது, தொலைத்தொடர்பு நிறுவனமான சுவிஸ்கொம் 3ஜிக்கும் 2025 முடிவோடு விடைகொடுத்தது. பழைய மொடம் உள்ள ஒவ்வொரு காரையும் பணிமனைக்கு எடுத்துப் பெட்டியை மாற்ற வேண்டும். புதிதாக இந்தத் தொழிலில் இறங்குபவர்கள் 4ஜிக்குக் கீழே எதையும் வாங்கக் கூடாது.

மின்சாரக் கார் எடுக்கிறீர்களா? கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 11 கிலோவாட் சார்ஜ் முனையில் ஒரு மணி நேரம் நின்றால் சேர்வது 11 கிலோவாட்-மணி. கோடையில் அறுபது எழுபது கிலோமீற்றர், பனிக்காலத்தில் அதைவிடக் குறைவு. உங்களுக்கு முன்னால் ஒருவர் நெடுந்தூரம் ஓடி, ஒரு மணி நேரத்துக்கு முன்தான் விட்டிருந்தால் மலையேற அது போதாது. ஆகவே பதியும் முன் அந்தக் காரின் முந்தைய நேரங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பும்போது கேபிளைச் செருகினால் மட்டும் போதாது. சார்ஜ் ஏறத் தொடங்கியதை விளக்கில் பார்த்துவிட்டே நகருங்கள். கேபிளின் முனை முழுதாக உட்காராமல் போனால் மறுநாள் வருபவருக்குக் கார் இல்லை. கிளம்பும்போது கேபிள் கழற்ற வரவில்லையென்றால் இழுக்காதீர்கள். காரை ஒருமுறை பூட்டித் திறந்தால் பெரும்பாலும் பிடி விடும்.

பெரிய குறை, எடுத்த இடத்திலேயே திருப்பி விட வேண்டும் என்பது. ஆனால் தரிப்பிடம் நிச்சயம் என்ற வசதிக்கு அதுதான் விலை. நிலையத்தில் அதை மாற்றச் சொல்வது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். 1982இல் வந்த சீரான மணிநேர அட்டவணையால் பெரிய சந்திப்புகளில் ரயில்கள் ஒரே நேரத்தில் வந்து குவிகின்றன. கார் முன்பதிவுகளும் அதை ஒட்டியே அடுத்தடுத்து விழும். நீங்கள் இருபது நிமிடம் பிந்தினால் அடுத்தவர் நடைமேடையிலிருந்து நேரே காலித் தரிப்பிடத்துக்கு வருவார். ஆப்பில் நேரத்தை நீட்டிக்கலாம். பின்னால் யாரும் பதிந்திராவிட்டால் மட்டும். வாகன நெரிசலுக்குப் பேர்போன கோத்தார்ட் மலைச் சுரங்கம் வழியாகத் திரும்புகிறவர்கள் தாராளமாக ஒரு மணி நேரம் கூட்டியே பதியுங்கள்.

கிளம்பும் முன் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து கீறல், நெளிவு இருந்தால் ஓட்டத் தொடங்கும் முன்பே அறிவியுங்கள். உங்கள் தரிப்பிடத்தில் யாரோ ஒருவர் தன் காரை விட்டிருந்தால் சேவை மையத்தை அழைத்து, வேறு எங்கே விடுகிறீர்கள் என்று பதிவு செய்யாமல் போகாதீர்கள். இலங்கை, இந்தியச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு அண்மையில் குடியேறியவர்கள் 12 மாதத்துக்குள் அதைச் சுவிஸ் பத்திரமாக மாற்றிவிட வேண்டும். அந்தக் காலக்கெடு தாண்டினால் அட்டை கதவைத் திறந்தாலும் சட்டப்படி நீங்கள் ஓட்ட முடியாது.