5 கிலோ தும்புச்சோற்றுக் கட்டி: போட்டித் தோட்டத்துக்கு வாங்கலாமா?

சனசமூக நிலையமோ மாதர் சங்கமோ குழுவாகச் சேர்ந்து வீட்டுத்தோட்டப் போட்டிக்கு இறங்கினால் முதல் தலையிடி மண்தான். யாழ்ப்பாணத்தில் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் செம்மண். கரையோரம் போனால் மணல். பத்து வீட்டில் வளர்த்த சாடிகளை ஒரு வரிசையில் வைத்ததும் மண்ணின் வித்தியாசம் இலையில் தெரிந்துவிடும். ஒன்று கரும்பச்சையாக நிற்கும், பக்கத்தில் நிற்பது வெளிறிப்போயிருக்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே வளர்ப்பூடகம் கொடுத்தால் இந்தப் பிரச்சினை பாதி தீரும். அதற்குத்தான் தேங்காய் மட்டையில் தும்பு எடுத்தபின் மிஞ்சும் தூளான தும்புச்சோற்றை அழுத்திச் செய்த கட்டியைப் பலரும் தேடுகிறார்கள். விவசாயப் பொருள் கடைகளிலும் பூக்கன்று விற்கும் இடங்களிலும் கிடைக்கிற 5 கிலோ கட்டியைப் பற்றியது இந்த மதிப்பீடு.

முடிவை முதலே சொல்லிவிடலாம். நாற்றுத்தட்டுக்கு இதைவிட நல்லது இல்லை. சாடிக் கலவையில் மூன்றில் ஒரு பங்காகச் சேர்த்தால் நல்லது. சாடி முழுக்கத் தனித் தும்புச்சோறு போடுவதைப் பரிந்துரைக்க மாட்டோம். நிலத்துப் பாத்திக்கு வாங்கிக் கொட்டுவது வீண் செலவு. அங்கே மாட்டெருவும் பூவரசங்குழையும் தாட்ட பனையோலையும் செய்கிற வேலையைக் கட்டி செய்யாது.

வாங்கும்போது கட்டியின் ஒரு மூலையை உடைத்துப் பாருங்கள். மண்ணிறமாக, தூளாக உதிர வேண்டும். பொன்னிறமாக, நீள நார் நிறைய இருந்தால் பச்சைத் தும்பிலிருந்து வந்தது. அதில் உப்பும் கூட, கறையும் கூட. வெளிப்புறத்தில் வெள்ளை பூத்திருந்தால் வாங்கவே வேண்டாம். கழுவியது, கல்சியம் ஏற்றியது என்று உறையில் எழுதியிருந்தால் விலை கூடத்தான் இருக்கும், ஆனால் வேலை மிச்சம். ஈரம் பிடித்த கட்டி நிறையில் ஏமாற்றும் என்பதால் தராசை மட்டும் நம்பாதீர்கள். குழுவுக்குத் தேவையான எல்லாக் கட்டியையும் ஒரே கடையில், ஒரே தொகுதியில், ஒரே நாளில் எடுங்கள். இரண்டு இடத்துக் கட்டி கலந்தால், எல்லாச் சாடியும் ஒரே மாதிரி நிற்க வேண்டும் என்ற நோக்கமே கெட்டுப்போகும்.

ஊறவைப்பது சுலபம். அரை பரலில் கட்டியை வைத்து 25 லீற்றர் தண்ணீரை மூன்று நான்கு தரமாக ஊற்றினால் 60 முதல் 70 லீற்றர் வரை பொங்கி வரும். வெயிலில் சூடேறிய தண்ணீர் என்றால் விரைவில் ஊறும். மண்வெட்டியால் கொத்தி உடைக்க வேண்டாம், தூள் மாவாகிவிட்டால் காற்றோட்டம் போய்விடும். நடுவில் கைமுட்டியளவு உலர்ந்த கட்டி ஒளிந்திருக்கும். அதைக் கையால் தேடி உதிர்த்துவிடுங்கள்.

பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது அடுத்த கட்டத்தில், கழுவுவதில். தும்புச்சோற்றில் உப்பு இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று தண்ணீரோடு ஓடிவிடும். மற்றது, துகள்களே பிடித்து வைத்திருக்கும் சோடியமும் பொற்றாசியமும். எத்தனை வாளி ஊற்றினாலும் இரண்டாவது போகாது. பிறகு நீங்கள் உரம் போட, துகள் கல்சியத்தைத் தான் பிடித்துக்கொண்டு சோடியத்தை வேருக்கு விடும். அதனால்தான் செழித்து நிற்கிற தக்காளியில் பழத்தின் அடிப்பக்கம் கறுத்து அழுகுகிறது. நோய் என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் அதிகம். அது கல்சியக் குறைபாடு. மருந்தால் ஒன்றும் ஆகாது.

செய்முறை இது. ஊறிய தும்புச்சோற்றை நெய்த உரப்பைகள் இரண்டில் நிரப்பி, கல்லுக்கு மேலே சரிவாக வையுங்கள். ஒரு கட்டிக்கு ஏறக்குறைய 65 லீற்றர் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, இன்னொரு தரம் அதேயளவு ஊற்றுங்கள். பிறகு பரலில் 25 லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் கல்சியம் நைத்திரேற்றுக் கரைத்து, அதில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் வடித்து, கடைசியாக ஒரு தரம் கழுவினால் முடிந்தது. எல்லாம் சேர்த்து ஒரு கட்டிக்கு 200 லீற்றரைத் தாண்டும். பத்துக் கட்டி என்றால் 2,000 லீற்றருக்கு மேல். கட்டியின் விலையைப் பார்க்கிறவர்கள் இந்தத் தண்ணீரைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்பதுதான் யாழ்ப்பாணத்தில் பெரிய கேள்வி. வலிகாமத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருப்பதால் தண்ணீரில் கல்சியம் நிறைய உண்டு. அது கழுவுவதற்கு உதவும். கரையோரத்துச் சவர்த்தண்ணீர் எதிர்மாறு: கழுவக் கழுவ உப்பு ஏறும். வாயில் விட்டுப் பார்க்கச் சவர்ச் சுவை தெரிந்தால் அந்தக் கிணறு வேண்டாம். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தை மாதப் போட்டிக்குக் கழுவ வேண்டிய காலம் புரட்டாதிக் கடைசி. மழைக்கு முந்திய அந்த நாட்களில்தான் கிணறு அடிக்குப் போய், உப்பும் உச்சத்தில் நிற்கும். ஆகவே வீட்டுக்கு வீடு கழுவாமல், நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றைத் தெரிந்து, எல்லாக் கட்டியையும் அங்கேயே கழுவிப் பகிர்ந்துகொள்ளுங்கள். கடைசிக் கழுவலுக்கு ஐப்பசியின் முதல் பெருமழையில் பைகளை வாய் திறந்து விட்டால் இன்னும் நல்லது. வடிகிற தண்ணீரைக் கிணற்றடியில் விடவே கூடாது. குடாநாட்டு நிலத்தடி நீரில் ஏற்கெனவே நைத்திரேற்று அதிகம், அதற்கு மேல் நாமும் சேர்க்க வேண்டாம். கிணற்றுக்குத் தூரத்தில் நிற்கும் தென்னைக்கு வாய்க்கால் வெட்டி விடுங்கள்.

கழுவியது போதுமா என்று பார்க்க மின்கடத்துதிறன் மானி (தண்ணீரிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் கருவி) இருந்தால் ஊற்றிய தண்ணீரையும் வடிந்த தண்ணீரையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.5 மில்லிசீமனுக்குள் இருந்தால் சரி. எங்கள் கிணறுகளே ஓரளவு உப்பானவை என்பதால், உறையில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். மானி இல்லாவிட்டால் போஞ்சி விதை போதும். கழுவிய தும்புச்சோற்றில் 10, தோட்டத்து மண்ணில் 10 ஊன்றுங்கள். போஞ்சி உப்பைத் தாங்காது. முதல் இலையின் ஓரம் தும்புச்சோற்றில் மட்டும் கருகினால் மறுபடி கழுவ வேண்டும்.

நாற்றுத்தட்டில் இந்தக் கட்டி காட்டும் பலன்தான் இதற்கு நற்பெயர் வாங்கிக் கொடுத்தது. நூறு குழி அளவுள்ள தட்டுக்கு 2 முதல் 3 லீற்றர் வரை போகும், ஒரு கட்டியில் இருபதுக்கு மேற்பட்ட தட்டுகளை நிரப்பலாம். குழியில் அமுக்கி நிரப்பாதீர்கள். தட்டைத் தரையில் ஒருமுறை தட்டிவிட்டால் போதும். ஈரத்துக்கு அளவு இதுதான்: ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி வரலாம், ஒழுகக் கூடாது. தும்புச்சோற்றில் சத்து இல்லை. முதல் உண்மையிலை (விதையிலைக்கு அடுத்து வருவது) வந்ததும் கிழமைக்கு இரண்டு தரம், 1 லீற்றருக்கு 1 கிராம் வீதம் அல்பேட் கலவை (தண்ணீரில் கரைத்து விடும் உரம்) விடுங்கள். நட்ட பிறகு 2 கிராம். தக்காளி 21–25 நாளிலும், கத்தரி 25–30 நாளிலும், மிளகாய் 30–35 நாளிலும் எடுக்கலாம். வேர் குழியைச் சுற்றி வெள்ளையாக வலை பின்னி, கட்டி உடையாமல் கழன்று வருவதே சரியான பருவம். நிலத்து நாற்றுமேடையில் பிடுங்கும்போது அறுபடுகிற வேர் இங்கே அறுபடாது. நட்ட மறுநாள் வாட்டமே இருக்காது.

சாடிக்குச் செம்மண், நன்றாக உக்கிய எரு, கழுவிய தும்புச்சோறு மூன்றும் கனவளவில் சமமாகக் கலக்க வேண்டும். உலர்ந்தால் இறுகிப்போகும் செம்மண்ணைத் தும்புச்சோறு திறந்துவிடும். 10 அங்குலச் சாடிக்கு 9 லீற்றர் எடுத்தால் ஒரு கட்டி ஏறக்குறைய 20 முதல் 23 சாடிக்குக் காணும். தனித் தும்புச்சோற்றில் வைத்த சாடி காற்றுக்குச் சரியும். மேல் தோல் காய்ந்திருக்க அடி சொதசொதவென்று நிற்கும். அது தெரியாமல் தண்ணீர் விட்டுவிட்டே வேரை அழுக வைத்துவிடுவார்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்த பிறகே வாளியைத் தூக்குங்கள். உக்காத தும்புச்சோறு நைத்திரசனையும் இழுத்துக்கொள்ளும். கீழ் இலையிலிருந்து மஞ்சள் ஏறினால் காரணம் அதுதான். நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது வேறு: சுண்ணாம்புத் தண்ணீரால் வரும் இரும்புக் குறைபாடு. 1 லீற்றருக்கு 5 கிராம் இரும்புச் சல்பேற்றும் 1 கிராம் சித்திரிக் அமிலமும் கரைத்து, மாலையில் இலைக்குத் தெளித்தால் திரும்பிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் போட்டியின் புள்ளித்தாளை ஏற்பாட்டாளரிடம் கேட்டு வாங்குங்கள். சேதனப் பிரிவு என்றிருந்தால் கல்சியம் நைத்திரேற்றும் அல்பேட்டும் விலக்கு. அவற்றைப் போட்டதற்காகவே உங்கள் சாடியைப் போட்டியிலிருந்து நீக்கிவிடலாம். அந்தப் பிரிவென்றால் சவர் இல்லாத சுண்ணாம்புத் தண்ணீரில் நாலைந்து தரம் ஊறவைத்து வடித்து, சத்துக்கு எருக் கரைசலையும் மீன் கரைசலையும் நம்ப வேண்டும். நாற்று ஒரு கிழமை பிந்தும், அதைக் கணக்கில் சேர்த்து விதையுங்கள். விதிமுறையில் சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். பயிர் பற்றிய கேள்விக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கமும் இருக்கிறது.

தை கடைசியில் பார்வையிடல் என்றால் விதைக்கும் நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். தக்காளி, கத்தரிக்கு 90–95 நாள், மிளகாய்க்கு 100, வெண்டிக்கும் பயற்றைக்கும் 50, முளைக்கீரைக்கு 25. கத்தரியில் ‘திருநெல்வேலி ஊதா’ போன்ற இந்த மண்ணுக்குப் பழகிய இனத்தை எடுப்பது பாதுகாப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாற்றழுகல் வருவது கிட்டத்தட்ட நிச்சயம் என்பதால் 10 நாள் இடைவெளியில் இரண்டாவது தொகுதியும் போட்டு வையுங்கள். தட்டுகளைக் கல்லுக்கு மேலே தூக்கி, பொலித்தீன் கூரை போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். கடைசி இரண்டு கிழமை தண்ணீரைத் தண்டடியில் மட்டும் விட வேண்டும். மேலால் தெளித்தால் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு இலையில் வெள்ளைப் புள்ளியாகக் காயும். ஏற்கெனவே படிந்திருந்தால் 1 லீற்றர் மழைநீரில் ஒரு தேக்கரண்டி வினாகிரி விட்டு, மெல்லிய துணியால் ஒவ்வோர் இலையையும் கீழே கையை ஏந்திப் பிடித்துத் துடைக்கலாம்.

சாக்கில் விற்கும் உதிரித் தும்புச்சோறு கட்டியைவிட மலிவு. சாடிக் கலவைக்கு அதுவும் போதும், ஆனால் உவர்நீரில் ஊறிய தும்பிலிருந்து வந்திருக்கக்கூடும் என்பதால் போஞ்சிச் சோதனையைத் தவறவிடாதீர்கள். நாற்றுத்தட்டுக்குக் கட்டியே வாங்குங்கள். போட்டி முடிந்த சாடிக் கலவையை வெயிலில் பரப்பிக் காயவிட்டு அடுத்த போகத்துக்கு எடுக்கலாம். தக்காளி வாடிச் செத்த சாடியின் கலவையை மட்டும் கத்தரிக்கோ மிளகாய்க்கோ போடக் கூடாது. பற்றீரியா வாடல் அந்தக் குடும்பம் முழுவதையும் பிடிக்கும். அதைக் கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் அப்பால் குழி வெட்டித் தாட்டுவிடுங்கள்.