தங்கப் பட்டை போட்ட கிரிஸ்டல் கோப்பைகள்: புழங்கிப் பார்த்த அனுபவம்

தங்க வேலைப்பாடு உள்ள கோப்பை என்றாலே அலமாரியில் பூட்டி வைப்பதற்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். செயின்ட் லூயியின் 'திசில்' வகைக் கோப்பைகளைச் சில ஆண்டுகளாக விருந்துக்கெல்லாம் எடுத்துப் புழங்குகிறேன். பட்டை மங்கவில்லை.

பிரான்ஸின் லொரேன் பகுதியில் 1586-லேயே தொடங்கிய கண்ணாடிப் பட்டறை செயின்ட் லூயி. 1767-ல் பதினைந்தாம் லூயி மன்னர் அதற்கு அரச பட்டறை என்ற தகுதியைத் தந்தார். திசில் 1913-ல் வந்த வடிவம். திசில் என்பது முள் நிறைந்த ஒரு செடி, லொரேனின் சின்னம்.

பொன் வேலையில் இரண்டு ரகம் உண்டு. மலிவானதில் தங்கம் மிக மெல்லியதாகப் பூசப்படும், சூளையை விட்டு வரும்போதே பளபளக்கும். உயர்ந்த ரகத்தில் தங்கம் கூடுதல். சூளையிலிருந்து மங்கலாகத்தான் வரும், தேய்த்து மெருகேற்றிய பிறகே ஒளிரும். முதல் ரகத்தில் வேறொரு செட் வீட்டில் இருந்தது. விருந்தாளி ஒருவர் உதவுகிறேன் என்று அதை டிஷ்வாஷரில் அடுக்கிவிட்டார். அப்புறம் நாலைந்து விருந்துக்குள் ஓரமெல்லாம் வெளுத்துவிட்டது. எந்த ரகமானாலும் கையால்தான் கழுவ வேண்டும்: வெதுவெதுப்பான நீர், மிருதுவான பஞ்சு, அவ்வளவுதான். மைக்ரோவேவ் பக்கமே கொண்டுபோகக் கூடாது, தங்கத்தில் பொறி பறக்கும்.

கனம்தான் எனக்குக் குறை, கிரிஸ்டல் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது அல்லவா. ஐரோப்பிய விதிப்படி ஈயக் கிரிஸ்டல் என்று எழுத 24 சதவீத ஈய ஆக்சைடாவது இருக்க வேண்டும். தட்டினால் எழும் ரீங்காரத்துக்கும் அதுவே காரணம், கை வலிக்கும் அதுவே காரணம்! புளிப்பான பானத்தை அதில் நெடுநேரம் விட்டுவைக்கக் கூடாது, ஈயம் கசியும். ஊற்றினோமா, குடித்தோமா என்று இருந்தால் கவலையில்லை.

புதிதாக வாங்கினால் ஒன்றுக்கே நூற்றுக்கணக்கான யூரோ. அந்தக் காசுக்கு நான் பழைய பொருள் சந்தையைத்தான் சொல்வேன். அங்கே பளபளப்பை விட உயரத்தைப் பாருங்கள். வாய் சில்லு போன கோப்பையைத் தேய்த்துச் சமன் செய்து விற்பதுண்டு. தேய்க்கும்போது பட்டையின் மேல் ஓரமும் போய்விடும். செட்டை ஒரே வரிசையில் நிறுத்தினால் எது குட்டை என்று தெரிந்துவிடும்.